ஆய்வேட்டில் சான்று காட்டுவது எப்படி? தமிழ் ஆய்வு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

“மெய்ப்பொருள் காண்பது அறிவு” என்பது எத்தனையாவது குறள்? கேட்டதும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு குறள்கள் அப்படி முடிகின்றன. “எப்பொருள் எத்தன்மைத் தாயினும்” என்று தொடங்குவது 355; மெய்யுணர்தல் அதிகாரம். “எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்” என்று தொடங்குவது 423; அறிவுடைமை அதிகாரம். ஒன்றின் முதலடியை எழுதி மற்றதன் எண்ணைப் போட்டுவிட்டால் வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு வரியே போதும். மற்ற சான்றுகளையும் தேர்வாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சான்று காட்டுவதைப் பலரும் ஆய்வேடு முடிந்தபின் செய்யும் ஒப்பனை வேலையாக நினைக்கிறார்கள். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று கடைசி வாரத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சான்றுக்கு ஒரே வேலைதான்: நீங்கள் பார்த்த வரியை, நீங்கள் பார்த்த பதிப்பிலேயே, வாசிப்பவரும் போய்ப் பார்க்க வழி சொல்வது. கீழே வரும் எல்லா விதிகளும் இதிலிருந்து கிளைத்தவை. எந்த விதியிலும் குழப்பம் வந்தால், “இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நூலகத்துக்குப் போனால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவாரா?” என்று கேளுங்கள். விடை தானாக வரும்.

எதற்குச் சான்று வேண்டும், எதற்கு வேண்டாம்

பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் சான்று வேண்டும். பிறர் கருத்தை உங்கள் சொற்களில் எழுதினாலும் வேண்டும். இந்த இரண்டாவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அட்டவணை, படம், வரைபடம், கணக்கெடுப்பு எண், மொழிபெயர்ப்பு, உரை விளக்கம் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

திருக்குறளில் 1330 குறள்கள் உள்ளன என்பதற்குச் சான்று தேவையில்லை. துறையில் எல்லாரும் அறிந்தது. தொல்காப்பியத்தின் காலம் இது என்று எழுதினால் கட்டாயம் தேவை. அறிஞர்களிடையே பல நூற்றாண்டு வேறுபாடு உள்ள செய்தி அது. எல்லாரும் ஒப்புக்கொண்டதை விட்டுவிடலாம், ஒருவராவது மறுக்கக்கூடியதற்கு ஆள் காட்ட வேண்டும். ஐயமாக இருந்தால் காட்டிவிடுங்கள். மிகையான சான்றால் மதிப்பெண் போவதில்லை.

குறளுக்குப் பொருள் எழுதும்போது நேரும் தவறு ஒன்று உண்டு. மூலத்துக்கு மட்டும் குறள் எண் தந்துவிட்டு, பொருளை மு.வ. உரையிலிருந்தோ பரிமேலழகர் உரையிலிருந்தோ எடுத்துத் தன்னுரைபோல எழுதுவது. உரையும் ஓர் ஆசிரியரின் உழைப்பு. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

படிக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை

சான்றுப் பிழைகளில் பெரும்பாலானவை தட்டச்சில் பிறப்பதில்லை. நூலகத்தில் குறிப்பெடுக்கும்போதே பிறந்துவிடுகின்றன. நூலைத் திருப்பிக் கொடுத்து ஆறு மாதம் ஆனபின் பக்க எண் தேடி அலைவதைவிட, முதல் நாளே பத்து நிமிடம் செலவிடுவது எளிது.

நூலைக் கையில் எடுத்ததும் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். மேலட்டையை நம்ப வேண்டாம். மேலட்டையில் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள், பதிப்பாண்டு இருக்காது. பின்பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு, இப்போதைய பதிப்பு ஆண்டு, பதிப்பகம், ஊர், பன்னாட்டுத் தர நூல் எண் ஆகியவை இருக்கும். பழைய தமிழ் நூல்களில் இவை கடைசிப் பக்கத்திலோ முன்னுரையின் அடியிலோ ஒளிந்திருக்கும். அங்கும் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அட்டை. காகிதமோ கணினிக் கோப்போ எதுவானாலும் சரி. அட்டையின் தலையில் நூலின் சுருக்கப்பெயர், வலப்பக்கத்தில் பக்க எண், கீழே குறிப்பு, எந்த நூலகம், நூலக அழைப்பெண். குறிப்பை எழுதும்போது மூன்று வகையைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துவிடுங்கள்: அப்படியே எடுத்தது இரட்டை மேற்கோள் குறிக்குள், சுருக்கி எழுதியது “சு” என்ற அடையாளத்தோடு, உங்கள் சொந்த எண்ணம் சதுர அடைப்புக்குள் அல்லது வேறு நிற மையில். இந்தப் பிரிப்பு இல்லாத அட்டையை ஓராண்டு கழித்துப் படித்தால் எது நூலாசிரியர் வரி, எது உங்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது. அறியாமல் நிகழும் எழுத்துத் திருட்டு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எடுத்த மேற்கோள் பக்கம் மாறி ஓடினால், எந்தச் சொல்லோடு பக்கம் முடிகிறது என்று ஒரு சாய்கோடு போட்டுவையுங்கள். பின்னால் பாதி மேற்கோளை மட்டும் பயன்படுத்தும்போது சரியான பக்க எண்ணைத் தர இது உதவும்.

ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் நூல் விவரங்களைச் சேமிக்கலாம். தமிழ் ஒருங்குறியை அது நன்றாகவே ஏற்கும். ஒரு சிக்கல்: ஆசிரியர் பெயரை “குடும்பப்பெயர், முதற்பெயர்” என்று இரண்டு கட்டங்களாகக் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் இயற்பெயரை மற்றதிலும் இடுங்கள். புனைபெயராக இருந்தால் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். “மற்றும் பிறர்” வரவேண்டிய இடத்தில் மென்பொருள் ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டிருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எந்த முறையில் எழுதுவது

முதலில் நெறியாளரையும் துறை அலுவலகத்தையும் கேளுங்கள். பல்கலைக்கழகம் தன் விதிமுறைக் கையேட்டில் ஒரு முறையைச் சொல்லியிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. சொல்லவில்லையென்றால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து முதல் இயலிலிருந்து கடைசி இயல்வரை மாறாமல் பின்பற்றுங்கள்.

தமிழ்த்துறைகளில் நெடுங்காலமாக வழங்குவது சான்றெண் முறை. வாக்கியத்தின் முடிவில் மேலெழுத்தாக ஓர் எண், இயலின் இறுதியில் “சான்றெண் விளக்கம்”. அதில் பெயர் இயல்பான வரிசையில் வரும்:

மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, ப. 45.

அதே நூல் துணைநூற்பட்டியலில் தலைகீழாகும்:

வரதராசன், மு. 1972. தமிழ் இலக்கிய வரலாறு. புது தில்லி: சாகித்திய அகாதெமி.

சமூக அறிவியல், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறை, இப்போது நடப்பது ஏழாம் பதிப்பு. உரைக்குள்ளேயே (வரதராசன், 1972, ப. 45) என்று வரும். மொழி, இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) முறை, 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. அதில் ஆண்டு வராது, ‘ப.’ என்ற சுருக்கமும் வராது: (வரதராசன் 45). ஏ.பி.ஏ.வில் ஆண்டுக்கு முதலிடம் ஏன்? அந்தத் துறைகளில் பத்தாண்டுப் பழைய முடிவு காலாவதியாகியிருக்கலாம். இலக்கியத்தில் அப்படி இல்லை, பக்கம்தான் முக்கியம். காரணம் தெரிந்தால் வடிவத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. இரண்டிலும் உரைக்குள் முதல் பெயரும் “மற்றும் பிறர்” என்பதும் போதும்.

சான்றெண் முறையைக் கவிழ்க்கும் சொல் “மேலது”. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள். எழுதும்போது சரியாகத்தான் இருக்கும். பிறகு நெறியாளர் சொன்னார் என்று நடுவில் ஒரு பத்தியைச் சேர்ப்பீர்கள். புதிதாக ஒரு சான்றெண் நுழையும். அதன் கீழே இருந்த “மேலது” இப்போது வேறு நூலைக் காட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள், தேர்வாளர் தவிர. இதைத் தவிர்க்க வரைவு முழுவதிலும் “மேலது”, “மு.நூ.” (முன் காட்டிய நூல்) என்று எழுதவே வேண்டாம். ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்கம் என்று எழுதுங்கள். பதிப்பு, சான்று விதிகளைச் சொல்லும் சிகாகோ கையேட்டின் 17ஆம் பதிப்பே (2017) “மேலது” வகைச் சுருக்கத்தைவிடச் சுருக்கத் தலைப்பை விரும்பத்தொடங்கிவிட்டது. துறை வற்புறுத்தினால், அச்சுக்கு முந்தைய நாள் “மேலது” போட்டுக்கொள்ளலாம்.

எண்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடிக்குறிப்பு. எஃப்புக்குப் பதில் டி அழுத்தினால் இறுதிக்குறிப்பு. ஒவ்வோர் இயலையும் தனிப் பிரிவாக வெட்டி, குறிப்புகள் பிரிவின் இறுதியில் வரவும் எண் ஒவ்வொரு பிரிவிலும் 1இலிருந்து தொடங்கவும் அமைத்துவிட்டால் இடையில் எத்தனை குறிப்பு நுழைந்தாலும் வரிசை தானாகச் சரியாகும்.

மேற்கோளை வாக்கியத்தில் வைப்பது

சிறு மேற்கோள் வாக்கியத்துக்குள் இரட்டைக் குறியோடு நிற்கும். நீண்டது தனிப் பத்தியாக, இடப்பக்கம் அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் வரும். எது நீளம்? ஏ.பி.ஏ.வில் 40 சொற்கள் அல்லது அதற்கு மேல். எம்.எல்.ஏ.வில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினால். செய்யுள் மூன்று அடியைத் தாண்டினால். தமிழ்ச் சொற்கள் ஒட்டி நீளும் என்பதால் நாற்பது சொல் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதே என்று விதியை மாற்ற வேண்டாம்.

இடையில் விட்ட சொற்களுக்கு மூன்று புள்ளி. நீங்கள் சேர்த்த சொல் சதுர அடைப்பில். நீங்கள் தடித்த எழுத்தாக்கினால் (அழுத்தம் எனது) என்று சொல்ல வேண்டும். மூலத்தில் அச்சுப் பிழை இருந்தால் திருத்தாதீர்கள். அப்படியே எழுதி [மூலத்தில் உள்ளபடி] என்று போடுங்கள். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அவற்றைப் புதிய வடிவில் எழுதுவது திருத்தம் ஆகாது. எழுத்து அதுவேதான், உருவம் மட்டும் மாறியது. சொல்லின் எழுத்துக்கூட்டல் வேறு. அதில் கை வைக்கக் கூடாது.

கருத்தை உங்கள் சொல்லில் தருவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: “சங்கப் பாடல்களின் அடியில் காணும் திணை, துறைக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பாடல்களைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின்வந்தவர்களோ சேர்த்தவை.” இதை மாணவர் இப்படி மாற்றுகிறார்: “சங்கப் பாடல்களின் கீழே காணப்படும் திணை, துறைக் குறிப்புகள் புலவர்கள் எழுதவில்லை, தொகுத்தவர்களோ பின்னர் வந்தவர்களோ சேர்த்தனர்.” நான்கைந்து சொல் மாறியிருக்கிறது, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சான்று கொடுத்தாலும் இது திருட்டுத்தான். சரியான வழி: நூலை மூடுங்கள், அது உங்கள் வாதத்துக்கு ஏன் தேவை என்று யோசியுங்கள், பிறகு எழுதுங்கள். “ஒரு பாடலின் துறைக் குறிப்பை வைத்துப் புலவரின் நோக்கத்தை முடிவுசெய்ய முடியாது. அக்குறிப்பு தொகுப்புக் காலத்தது அல்லது அதற்கும் பிந்தியது.” இதன்பின் சான்று.

ஆங்கில நூலின் பத்தியைத் தமிழில் பெயர்த்துத் தன் பத்தியாக்குவதும் திருட்டே. தமிழ் ஆய்வேடுகளில் இது எளிதில் பிடிபடாமல் போகிறது என்பது வேறு விஷயம். நீங்களே மொழிபெயர்த்தால் மேற்கோளின் முடிவில் (மொழிபெயர்ப்பு எனது) என்று எழுதி, மூல நூலின் பக்கத்தைத் தாருங்கள். க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதி 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியான ஆய்வுநூல் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்று தமிழிலும் கிடைக்கிறது. தமிழ்ப் பதிப்பைப் படித்துவிட்டு ஆங்கில மூலத்தின் பெயரைப் போடக் கூடாது. நீங்கள் பார்த்தது எதுவோ அதையே காட்டுங்கள். மூலம் வெளியான ஆண்டை அடைப்பில் சேர்க்கலாம்.

இதே நேர்மை இரண்டாம் கைச் சான்றுக்கும் பொருந்தும். ஒரு நூலில் இன்னொரு நூலின் மேற்கோளைப் பார்க்கிறீர்கள். மூல நூல் கிடைக்கவில்லை. அப்போது மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி, “மேற்கோள்:” என்று இட்டு, நீங்கள் பார்த்த நூலின் விவரத்தைத் தாருங்கள். பட்டியலில் பார்த்த நூல் மட்டுமே வரும். ஓர் இயலில் இப்படி மூன்றுக்கு மேல் வந்தால் நூலகத்துக்குப் போக நேரமாகிவிட்டது.

செய்யுள், இலக்கணம், உரை

பழந்தமிழ் நூல்களுக்குப் பக்க எண் போதாது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாடல் எண் பெரும்பாலும் மாறாது. எனவே நூற்சுருக்கம், பாடல் எண், அடி எண்: (குறுந். 40:1-2), (புறம். 192:1). சிலப்பதிகாரம், மணிமேகலைக்குக் காதை எண்ணும் அடி எண்ணும். சுருக்கங்களுக்கு விளக்கம் ஆய்வேட்டின் முன்பகுதியில் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும், ‘குறு.’, ‘குறுந்.’, ‘குறுந்தொ.’ என்று மூன்றும் ஒரே ஆய்வேட்டில் வரக் கூடாது.

எண் மாறாது என்பது எல்லா நூலுக்கும் பொருந்தாது. தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் வெவ்வேறாகப் பகுத்திருக்கிறார்கள். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாக்குவார். அதிகாரம் முழுவதற்கும் தொடர் எண் தருகிற பதிப்பும் உண்டு; இயலுக்கு இயல் ஒன்றிலிருந்து தொடங்கும் பதிப்பும் உண்டு. ஆகவே “தொல். பொருள். 50” என்பது பாதி முகவரி. இயலின் பெயரும் உரையாசிரியரும் சேர்ந்தால்தான் முழுமை: (தொல். பொருள். களவு. 5, இளம்.); ‘இளம்.’ என்பது இளம்பூரணர் உரை. கம்பராமாயணத்திலும் பதிப்புக்குப் பதிப்புப் பாடல் எண்ணிக்கை வேறுபடும். காண்டம், படலம், பாடல் எண், பதிப்பு நான்கும் வேண்டும். திருக்குறளிலேயே மணக்குடவரின் வைப்புமுறை பரிமேலழகருடையதிலிருந்து வேறு. மணக்குடவர் உரையை மேற்கோள் காட்டும்போது எந்த எண்முறையைக் கொண்டீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சான்று பொய்யா மெய்யா என்று பார்க்கச் சில பொறிகள் உள்ளன. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. நற்றிணை 234, ஐங்குறுநூறு 129, 130 கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் பேராசிரியர் உரை கடைசி நான்கு இயல்களுக்குத்தான் உண்டு. ‘களவியல், பேராசிரியர் உரை’ என்று யாராவது காட்டியிருந்தால், அந்த நூலிலிருந்து வேறு எதையும் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

சீர் பிரித்து எழுதுவதா, சொல் பிரித்து எழுதுவதா? “யாயும் ஞாயும் யாரா கியரோ” என்பது சீர் பிரிப்பு. “யாராகியரோ” என்பது சொல் நோக்கு. இரண்டுக்கும் வழக்கு உண்டு. ஒரு பதிப்பை அடிப்படையாகத் தேர்ந்து, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதி, அந்தப் பதிப்பு எது என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். பாட வேறுபாட்டை வைத்து வாதிடும் ஆய்வாக இருந்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் பதிப்பாசிரியர் பெயர் தர வேண்டும்.

பெயரும் ஆண்டும்

பட்டியலில் முனைவர், டாக்டர், பேராசிரியர், புலவர் போன்ற அடைகள் வேண்டாம். ‘அவர்கள்’ வேண்டவே வேண்டாம். அது அவமரியாதை இல்லை. அகரவரிசையில் எல்லாரும் ‘மு’வின் கீழ்க் குவிந்துவிடுவதைத் தவிர்ப்பதுதான் நோக்கம்.

தலைப்பெழுத்து பின்னால் போகும்: சாமிநாதையர், உ. வே. ஊர்ப்பெயர் முன்னொட்டாக வந்தாலும் அப்படியே: வேங்கடசாமி, மயிலை சீனி. புனைபெயரைத் திருப்பக் கூடாது. புதுமைப்பித்தன் புதுமைப்பித்தனாகவே இருப்பார். ஒருவரே பல பெயர்களில் வெளியிட்டிருந்தால் (சாமிநாதையர், சாமிநாத ஐயர்; வேதாசலம், மறைமலையடிகள்) நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளதை மதித்து, பட்டியலில் ஒரே பெயரின் கீழ்த் தொகுத்து, மற்றப் பெயரைச் சதுர அடைப்பில் தாருங்கள். இல்லையென்றால் ஒரே மனிதர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார்.

சுப்பிரமணியன் என்ற பெயரில் நான்கு ஆய்வாளர்கள் உங்கள் பட்டியலில் இருக்கலாம். (சுப்பிரமணியன், 1980) என்றால் யார்? உரைக்குள்ளேயே தலைப்பெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். ஒருவரே ஓராண்டில் இரண்டு நூல் எழுதியிருந்தால் 1980அ, 1980ஆ.

ஆண்டில் நேரும் பெரிய பிழை, மறு அச்சின் ஆண்டை மட்டும் போடுவது. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வந்தது 1894இல். கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், அந்தக் கருத்து நூறாண்டு பிந்தியது என்று வாசகர் எண்ணிவிடுவார். இரண்டையும் தாருங்கள், ஏ.பி.ஏ.வில் உரைக்குள் இரண்டுக்கும் நடுவே சாய்கோடு வரும். பக்க எண் கையில் இருக்கும் பதிப்புக்கு உரியது.

சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும்: 31 கழித்தால் பொது ஆண்டு. சக ஆண்டென்றால் 78 கூட்ட வேண்டும். ‘விய வருடம்’ என்று மட்டும் இருந்தால் கவனம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பும். 1886-87, 1946-47, 2006-07 மூன்றும் விய வருடங்களே. அச்சகம், காகிதம், முன்னுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு எது என்று முடிவுசெய்து, ஆண்டைச் சதுர அடைப்பில் இடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் [ஆண்டு இல்லை].

பழைய பதிப்புகளின் முன்னுரைப் பக்கங்களிலோ நூல் முழுவதிலுமோ தமிழ் எண்கள் இருக்கும். ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலவே தோன்றும். ௨௬ஆம் பக்கத்தை ‘பக்கம் உசு’ என்று எழுதிவிடாமல் 26 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இணையமும் மின்னூலும்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஈழத்து நூலகத் திட்டத்திலோ அச்சு நூலின் பக்கப் படிமத்தைப் பார்த்திருந்தால், அது அச்சு நூலேதான். நூலின் விவரத்தை முழுமையாகத் தந்து, இறுதியில் தளத்தின் பெயரையும் இணைப்பையும் சேருங்கள். மதுரைத் திட்டத்தில் உள்ளது தட்டச்சு செய்த உரை. பக்கம் இருக்காது, எழுத்துப் பிழை நுழைந்திருக்கலாம். தேடுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள், மேற்கோளை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டபின் எடுங்கள். படிமத்திலிருந்து கணினியே எழுத்தெடுத்த உரையில் ‘ர’வும் காலும் இடம்மாறும், பழைய ‘னை’ உடையும். அதை நம்பி ஒரு செய்யுளைக்கூட ஒட்டாதீர்கள்.

இணையக் கட்டுரைக்கு ஆசிரியர், தலைப்பு, தளம், வெளியான நாள், இணைப்பு. மாறக்கூடிய பக்கமானால் பார்த்த நாளும் வேண்டும். விக்கிப்பீடியாவைச் சான்றாக ஏற்பதும் மறுப்பதும் துறையைப் பொறுத்தது. காட்டுவதானால் ‘நிலையான இணைப்பு’ என்பதைச் சொடுக்கி, நீங்கள் படித்த பதிப்பின் முகவரியை எடுங்கள். செய்தித்தளப் பக்கங்கள் காணாமல்போவது வழக்கம். படித்த அன்றே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிட்டால் தேர்வு நாளன்று கவலை இல்லை. ஆய்விதழ்க் கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண் (மின்வெளியீட்டுக்குத் தரும் நிலையான அடையாள எண், 10 என்று தொடங்குவது) இருந்தால் நீண்ட இணைப்பு வேண்டாம், அதுவே போதும்.

இதழ்களில் தொகுதி–பகுதி என்றும் மலர்–இதழ் என்றும் இரு வழக்கு உண்டு. இதழ் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்; வெறும் மாதமும் ஆண்டும் போதாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத நூலை, நம்பத்தகுந்த ஆசிரியர் பெயரோடும் பக்க எண்ணோடும் அவை உருவாக்கித் தரும். தமிழ் நூல்களில் இது இன்னும் மோசம். கையில் எடுத்துப் பார்க்காத எதுவும் பட்டியலில் ஏறக் கூடாது. கருவியைப் பயன்படுத்த நிறுவனம் அனுமதித்தால், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கல்வெட்டு, சுவடி, களஆய்வு

கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளன: (தெ.இ.க. 2:1) என்றால் தொகுதி 2, எண் 1. அச்சாகாமல் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் சுருக்கம் மட்டும் உள்ளதற்கு எண்ணும் ஆண்டும் சேர்ந்தே வர வேண்டும். எண் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குவதால் ஆண்டு இல்லாத எண் பயன்படாது. சுருக்கத்தை மட்டும் படித்தவர் கல்வெட்டையே படித்ததுபோல எழுதக் கூடாது.

சுவடிக்கு நூலகம், சுவடி எண், ஏட்டு எண், ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பது. களஆய்வில் தகவலாளியின் பெயர், வயது, ஊர், நேர்காணல் நாள் ஆகியவற்றைப் பின்னிணைப்பில் தருவது நம் வழக்கம். அதற்கு அவரது இசைவு வேண்டும். சாதி, நோய், வழக்கு, குடும்பச் சண்டை பற்றிப் பேசியவர் என்றால் மாற்றுப் பெயரே நல்லது. ஏ.பி.ஏ.வில் நேரில் கேட்ட செய்தி உரைக்குள் மட்டும் வரும், பட்டியலில் வராது.

பட்டியலின் அகரவரிசை

முதன்மைச் சான்றுகள், துணைமைச் சான்றுகள், ஆய்வேடுகள், இதழ்கள், இணையம் என்று பகுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அகரவரிசை. கணினியிடம் வரிசைப்படுத்தச் சொன்னபின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஒருங்குறியில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ழ, ள இரண்டும் வகரத்துக்கு முன்னால் இருக்கின்றன. தமிழ் வரிசை அறியாத மென்பொருள் அபிராமியை அப்பாத்துரைக்கு முன்னும், பழனியப்பனைப் பவணந்திக்கு முன்னும் வைக்கும். இரண்டும் தவறு. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் வரிசை அடியோடு குலையும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

நூல் தலைப்பைச் சாய்வெழுத்தில் தருவது ஆங்கில மரபு. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு விகாரமாக இருக்கும். துறை ஏற்றால் தடித்த எழுத்து நல்லது.

ஒப்புமைச் சோதனை

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துவரும் பகுதி) 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திய ஆய்வேடு தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்தியதைத் தர ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், நன்றியுரை ஆகியவை கணக்கில் சேரா. பொதுவாக வழங்கும் அல்லது தற்செயலாக ஒத்துவரும் தொடர்களில் பதினான்கு சொல் வரை விலக்கு உண்டு. அதைப் “பதினான்கு சொல் வரை எடுத்துக்கொள்ளலாம்” என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி இல்லை.

மென்பொருள் மேற்கோள் குறியைப் பார்த்துத்தான் மேற்கோளை அறியும். செய்யுளைக் குறியில்லாமல் நடுவே வைத்தால் அதையும் ஒப்புமையாக எண்ணும். அறிக்கை வந்ததும் மொத்த விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், நிறம் தீட்டிய ஒவ்வொரு பகுதியையும் திறந்து பாருங்கள். 6 விழுக்காட்டிலும் ஒரு முழுப் பத்தித் திருட்டு ஒளிந்திருக்கலாம்.

ஒப்படைக்கும் முன்

இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள், உரையில் வரும் ஒவ்வொரு சான்றையும் பட்டியலில் தேடிக் குறியிடுங்கள். உரையில் உண்டு, பட்டியலில் இல்லை என்றால் சேருங்கள். பட்டியலில் குறி விழாத நூல் இருந்தால் நீக்குங்கள். படித்தேன் என்று காட்டுவதற்காக நூல் சேர்ப்பது பழைய வழக்கம், இப்போது எல்லாரும் கண்டுகொள்கிறார்கள். இரண்டாம் நாள், எண்ணுக்கு எண் சரிபார்ப்பு: பாடல் எண், அடி எண், பக்கம், ஆண்டு. நேரமில்லையென்றால் ஒவ்வொரு பத்தாவது சான்றையாவது மூல நூலில் பாருங்கள்; அதில் ஒன்று தவறினால் அந்த இயல் முழுவதையும் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவரிடம் ஐந்து சான்றுகளை மட்டும் கொடுத்து, உங்களைக் கேட்காமல் நூலகத்தில் அந்தப் பக்கங்களை எடுத்துவரச் சொல்லுங்கள். எங்கே அவர் தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் முகவரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது.